எல்இடி வால் முன்னாடி முகம் கருத்துப் போகுது

வைகைக்கரை:
அண்ணன்மாரே, கல்யாண ரிசப்ஷன் ஃபோட்டோ எடுக்கறேன், மேடையில பின்னாடி எல்இடி வால், அதாவது சுவர் மாதிரி பெரிய வெளிச்சத் திரை. திரையில ஓடுற பூவெல்லாம் பளிச்சுன்னு வருது, பொண்ணு மாப்பிள்ளை முகம்தான் இருட்டு. கேமராவுல ஏ மோடு (ஷட்டர் வேகத்தை கேமராவே முடிவு பண்ணும்), லென்ஸ் துளை எஃப் 2.8, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறனை கேமராவே மாத்திக்கும்), ஜேபெக் ஃபைல். லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெளிச்சம் ஏத்தினா புடவை மடிப்பெல்லாம் புள்ளி புள்ளியா ஆகுது. என்ன பண்ணலாம்?

நிழல்வெளி:
ஃப்ளாஷை சீலிங்ல பட்டுத் திரும்புற மாதிரி பவுன்ஸ் அடிங்க.

மேடைக்கேமரா:
மண்டபத்துல கூரை 20 அடிக்கு மேல இருந்தா பவுன்ஸ் எடுபடாதுங்க.

தம்பி, கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டர் எதைப் பார்த்தாலும் 18 சதவீதச் சாம்பலாக்கத்தான் (நடுத்தர வெளிச்சம்) பார்க்கும். ஃபிரேம்ல பாதி வெளிச்சத் திரை, அதனால மொத்தத்தையும் அமுக்குது. ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்குற ஸ்பாட் மீட்டரிங் வச்சு முகத்துல அளங்க. நம்ம மாநிறம் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்துலதான் இருக்கும், அளவு காட்டுறபடியே விடலாம். நல்ல சிவப்பா இருந்தா ஒரு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டணும். அப்புறம் எல்லா அளவையும் நாமே வைக்கிற எம் மோடுல பூட்டிடுங்க. திரையில படம் மாறுறப்போ முகம் மாறக்கூடாது.

ஷட்டர் 1/100 செகண்ட். திரையில பட்டை விழுந்தா 1/80, 1/60ன்னு இறக்கிப் பாருங்க. ஐஎஸ்ஓ 3200 போகப் பயப்படாதீங்க. 800ல இருட்டா எடுத்து ரெண்டு ஸ்டாப் ஏத்துற ஜேபெக்கை விட அது எவ்வளவோ சுத்தம். திரை வெளுத்தா வெளுக்கட்டும். பட்டுச் சரிகை வெளுத்தா மட்டும் கொஞ்சம் குறைங்க, ஜரிகை போனா திரும்ப வராது.

ரா-வுல, அதாவது கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்ல எடுங்க. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ரா-வுல 16,384. எடிட்டிங்ல முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்து) எக்ஸ்போஷர் ஏத்துங்க, இருட்டுப் பகுதியை ஏத்துற ஷேடோஸ் ஸ்லைடரை முழுசா இழுக்காதீங்க, கண்ணுக்குக் கீழ சாம்பல் பூத்துடும். ஒண்ணு கேட்டுக்கறேன்: வெளிச்சம் ஏத்துறேன்னு பொண்ணை வெள்ளையாக்கிடாதீங்க. தாய் தகப்பன் பார்த்ததும் "நம்ம பொண்ணு"ன்னு சொல்லணும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிண்ணா. திரை வெளிச்சத்தைக் குறைக்க ஆபரேட்டர் ஒத்துக்கலைன்னா?

மேடைக்கேமரா:
விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, பாதி பேர் குறைச்சிடுவாங்க. இல்லைன்னா சோபாவை நாலடி முன்னாடி நகர்த்தி, வீடியோக்காரர் லைட்டை ஓரமா 45 டிகிரில உயரத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. ஸ்பாட் அளவை அதுக்கப்புறம் எடுங்க.