பத்து மணிக்கு எடுத்த ரத்தம் யாருடையது?

தோட்டத்து மகள்: மருத்துவக் கல்லூரியும் எங்கள் ஊர்க்குழுவும் சேர்ந்து நடத்திய திட்டத்தால் கோத்தகிரிப் பக்கம் ரத்தசோகை குறைந்துவிட்டதாம். இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். இரண்டாவது வேலைநாளில், காலை பத்து மணிக்கு. அந்நேரம் கொழுந்து பறிக்கிறவள் சரிவில் நிற்பாள். கை நீட்டியதெல்லாம் கடைக்காரரும் பென்ஷன்காரரும்தான்.

கட்டபெட்டுக்காரன்: எழுதியது நான்தான். பிள்ளைகள் மழையில் நனைந்து வீடு வீடாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களே, அது பலன் இல்லையா?

தோட்டத்து மகள்: மாத்திரையை விடுங்கள். பத்து மணிக்கு யார் இருந்தார்கள்?

ஊட்டி வாத்தியார்: உயரத்தையும் பாருங்கள். மேலே போகப் போக ஹீமோகுளோபின் கூடும். அதைக் கழித்துத்தான் சோகையைக் கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கட்டபெட்டுக்காரன்: வந்துட்டார்யா ஊட்டிக்காரர்! இரண்டு முறையும் ஒரே ஊரில்தானே எடுத்தார்கள்?

ஊட்டி வாத்தியார்: உங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட இன்னொரு ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது ஐயா. மரியாதையாகப் பேசுங்கள்.

தோட்டத்து மகள்: உயரம் கிடக்கட்டும். பத்து மணிக்குப் பதில் வரவில்லை.

சோலைக்குயில்: இந்தியாவில் அரிவாள் செல் நோயை முதன்முதலில் கண்டது எங்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல். அன்றிலிருந்து ரத்தம் கொடுக்கிறோம். அந்த நோயில் சிவப்பணு சீக்கிரம் உடைகிறது, இரும்பு மாத்திரையால் அது தீராது. எங்களையும் மற்றவர்களையும் ஒரே சராசரியில் போட்டால் என்ன தெரியும்? 2047-க்குள் ஒழிப்போம் என்று 2023-ல் தேசியத் திட்டமே தொடங்கினார்கள். என் தங்கைக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு இன்னும் கைக்கு வரவில்லை.

கட்டபெட்டுக்காரன்: அதெல்லாம் சரி, குழுவில் உங்கள் ஆட்களும் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத்து மகளின் சித்தப்பா உட்பட.

தோட்டத்து மகள்: சித்தப்பாவை இழுக்காதீர்கள். கூட்டத்துக்கு வந்துபோக அவருக்குப் பஸ் காசுகூடத் தரவில்லை. ஜீப்பில் முன் சீட்டில் போனது யார் என்று ஊருக்கே தெரியும்.

கட்டபெட்டுக்காரன்: ஜீப் கல்லூரியுடையது. கூப்பிட்டார்கள், ஏறினேன். உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

தோட்டத்து மகள்: வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். பத்து மணிக்குத் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லைன் வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்ப்போம்.

கட்டபெட்டுக்காரன்: பதிவேடு கல்லூரியில் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை குறைந்தது குறைந்ததுதான்.

ஊட்டி வாத்தியார்: உயரத்தைக் கழித்தார்களா என்றும் கேளுங்கள்.