‘ஓப்பனிங் புக்’: திறப்பு நூலா, தொடக்க ஏடா?

குழுவினருக்கு வணக்கம்.

செஸ் எஞ்சின் (சதுரங்கம் ஆடும் நிரல்) கையேட்டுக்கு ‘ஓப்பனிங் புக்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் எந்த நிலைக்கு எந்த நகர்வு என்று முன்கூட்டியே குறித்துவைத்த கோப்பு அது. கைவசம் இருப்பது ‘திறப்பு நூல்’. எனக்கு ஒட்டவில்லை. நூல் என்றால் உட்கார்ந்து படிப்பது. இது தேடிப் பார்க்கும் அட்டவணை. பாலிகிளாட் என்ற வடிவக் கோப்பில் ஒரு பதிவுக்கு 16 பைட்: பலகை நிலைக்கான ஹாஷ் (நிலையை அடையாளம் காட்டும் எண்) 8, நகர்வு 2, எடை (அந்த நகர்வுக்கான முன்னுரிமை) 2, கற்றலுக்கு 4. ஹாஷ் வரிசையில் அடுக்கியிருப்பதால், பாதி பாதியாகக் கழித்துத் தேடி எஞ்சின் உடனே எடுத்துவிடும், யோசிப்பதே இல்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவது போலத்தான். பேரேடு, பதிவேடு வரிசையில் ‘திறப்பேடு’ எப்படி?

மறு: ஓப்பனிங் புக்

> ‘திறப்பேடு’ எப்படி?

யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி, ஐயா. சாவிகளுக்குக் கணக்கு வைக்கும் கொப்பி என்றுதான் எங்களுக்கு விளங்கும். பதிவு ஹாஷ் சாவியில் தொடங்குவதால் ஒருவகையில் அதுவும் பொருத்தம்தான்! ஆனால் அதே பக்கத்தில் அந்தச் சாவியையும் விளக்க வேண்டுமே.

விளக்கத்தான் வேண்டும், பிழை வருவதே அங்கேதான். சாவியைக் கணக்கிடும் பட்டியலில் 781 எண்கள், நிலைக்குப் பொருந்துபவற்றை மட்டும் சேர்க்க வேண்டும்: காய்களும் கட்டங்களும் 768, கோட்டை கட்டும் உரிமை 4, ‘என் பாசான்’ (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்து எதிரிச் சிப்பாய் வெட்டும் விதி) 8, யார் முறை என்பதற்கு 1. சிப்பாய் இரண்டு கட்டம் போனதுமே என் பாசான் எண்ணைச் சேர்க்கக்கூடாது. பக்கத்துக் கட்டத்தில் எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். எப்போதும் சேர்த்தால், வெள்ளை ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியவுடனே கறுப்புக்குப் புத்தகம் ‘காலி’. கோப்பில் குறையில்லை, சாவிதான் வேறு. கோட்டை கட்டுவதும் அப்படித்தான்: ராஜா தன் யானை நிற்கும் கட்டத்துக்கே போவதாகக் கோப்பில் இருக்கும். மாற்றாமல் விட்டால் செல்லாத நகர்வு.

மறு: மறு: ஓப்பனிங் புக்

திறப்பை விட்டுத் தொடக்கத்தைப் பிடிக்கலாம். ஆனால் சேர்த்து எழுதி ‘தொடக்கேடு’ ஆக்கிவிடாதீர்கள், கேடு வந்து நிற்கிறது! ‘தொடக்க ஏடு’ என்று பிரித்தே எழுதுவோம்.

மோசமான ஏடு உண்மையிலேயே கேடுதான். பிஜிஎன்னிலிருந்து (ஆடிய ஆட்டங்களைப் பதிந்துவைக்கும் உரைக்கோப்பு) ஏட்டைக் கட்டும்போது வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்று கூட்டி எடை போடுகிறார்கள். குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையை 1 ஆக வைத்தால், யாரோ ஒருவர் தற்செயலாக வென்ற அசட்டு நகர்வும் உள்ளே வந்துவிடும். ஏடு முடியும் இடம் இன்னும் வம்பு. சிப்பாயைப் பலி கொடுக்கும் வரியில் ஏடு நின்றுவிட்டால், அந்தப் பலியின் பயன் தெரியாத எஞ்சின் போன சிப்பாயை மீட்கவே நாலு நகர்வை வீணாக்கும்.

பலத்துக்கு ஏடு எவ்வளவு முக்கியம் என்று கையேட்டில் ஒரே வாக்கியமாக எழுதுவது தப்பு. 1997 மே 11 அன்று உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், கரோ-கான் என்ற தொடக்க முறையில் ஐபிஎம் கணினி டீப் புளூ 8ஆவது நகர்வில் குதிரையைப் பலி கொடுத்தது ஏட்டிலிருந்துதான். 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினோ தானாக எந்த ஏட்டையும் படிப்பதில்லை. வேண்டுமென்றால் இடைமுக மென்பொருள் படித்துக்கொள்ளும். நீண்ட நேர ஆட்டத்தில் அதற்கு ஏட்டால் கிடைப்பது பெரும்பாலும் கடிகார நேரம்தான். பிளிட்ஸில் (சில நிமிடமே உள்ள ஆட்டத்தில்), நடுத்தர எஞ்சினுக்கு, அந்த நேரமே பெரிது.

மறு: மறு: மறு: ஓப்பனிங் புக்

‘தொடக்க ஏடு’ எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம்: ஸ்டாக்ஃபிஷைச் சோதிக்கும் தளமான ஃபிஷ்டெஸ்டில் ‘புக்’ என்பது வேறு பொருள். அங்கே அது எஞ்சினுக்குப் பலம் தருவதற்கல்ல, சோதனையில் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வராமலிருக்க. ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடுவார்கள். சமமான நிலைகளைக் கொடுத்தால் இன்றைய எஞ்சின்கள் சமன் செய்துகொண்டே போகும், எது மேல் என்று பிரிக்க முடியாது. அதனால் வெள்ளைக்குத் தெளிவான சாதகம், ஆனால் வெற்றி உறுதியில்லை என்ற வகை நிலைகளைப் பொறுக்குகிறார்கள். இங்கே நகர்வும் இல்லை, எடையும் இல்லை. பலகை நிலைகள் மட்டும் இருந்தாலே போதும். இதையும் ஏடு என்றால், படிப்பவர் இந்தக் கோப்பை எஞ்சினுக்கு ஊட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்.

இதற்கு ‘தொடக்கநிலைத் தொகுப்பு’ என்று தனிச்சொல் வைக்கிறேன். மறுப்பிருந்தால் வரைவைப் பதிவேற்றும் முன் எழுதுங்கள்.