நரம்புல கரண்டா வர்ற சிக்னல் தசைகிட்ட வந்ததும் ஏன் கெமிக்கலா மாறுது?

மழைத்துளி:
பயாலஜி படிச்சிட்டு இருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். நரம்பு முழுக்க எலக்ட்ரிக் சிக்னலா ஓடி வருது, தசையும் எலக்ட்ரிக் சிக்னல் கிடைச்சாதான் சுருங்குது, அப்புறம் நடுவுல மட்டும் எதுக்கு அசிட்டைல்கோலைன்ங்கற கெமிக்கல்? நேரா தாவிட வேண்டியதுதானே?

வெண்புறா:
தாவ முடியாதுங்க. நடுவுல சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கு, அதுவும் போக நரம்பு நுனி ரொம்ப மெல்லிசு, தசை நார் அதைவிட பல மடங்கு தடிமன், அந்த நுனியில வர்ற கரண்ட் இவ்ளோ பெரிய நாரை உசுப்ப பத்தாது, இடையில இருக்கிற திரவத்துலயே கசிஞ்சு போயிடும். அதனால சிக்னல் நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ள பாயும், உடனே அங்க காத்துட்டு இருக்கிற குட்டி குட்டிப் பைகள் சவ்வோட ஒட்டித் திறந்து அசிட்டைல்கோலைனை வெளிய கொட்டும். ஒரு பையிலயே ஆயிரக்கணக்குல மூலக்கூறு இருக்கும். இப்படி பை பையாத்தான் வெளியாகுதுன்னு 1950கள்ல காட்டினவர் பெர்னார்ட் காட்ஸ், 1970ல நோபல் வாங்கினார். தசை பக்கம் ஒரு ரிசப்டர்ல (அசிட்டைல்கோலைனைப் பிடிச்சுக்கிற புரதம், கதவு மாதிரி) ரெண்டு மூலக்கூறு போய் உக்காந்தாதான் கதவு திறக்கும், சோடியம் உள்ள வரும், தசை தனக்கான கரண்டை தானே புதுசா உண்டாக்கிக்கும். நரம்போட கரண்ட் தசைக்குள்ள போறதே இல்ல!

மழைத்துளி:
இப்பதான் புரியுது, ரொம்ப நன்றி. ஆனா கொட்டினது அங்கயே கிடந்தா தசை சுருங்கினபடியே நிக்காதா?

இரவுவானம்:
அதுக்குத்தான் அந்த இடைவெளிலயே ஒரு என்சைம் இருக்கு, அசிட்டைல்கோலைன்எஸ்டரேஸ். மில்லிசெகண்ட் கணக்குல உடைச்சுப் போட்டுடும், மிச்சமாகிற கோலைனை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து இந்த என்சைமைத்தான் முடக்குது, தசையெல்லாம் துடிச்சு அப்புறம் செயலிழந்து மூச்சே நின்னுடலாம்.
எங்க அம்மாவுக்கு மயஸ்தீனியா கிராவிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த ரிசப்டர்களை அழிக்குது. காலைல நல்லா இருப்பாங்க, சாயங்காலம் இடது கண் இமை தொங்கிடும், ராத்திரி சாப்பிடும்போது பாதியில மெல்ல முடியாம தாடையை கையால தாங்கிப் பிடிச்சுப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டா முக்கால் மணி நேரத்துல இமை மெல்ல மேல ஏறும். மாத்திரையும் அதே என்சைமைத்தான் தடுக்குது, ஆனா அளவா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அதனால அசிட்டைல்கோலைன் கூட நேரம் நின்னு மிச்சம் இருக்கிற ரிசப்டர்கள்ல வேலை செய்யும்.

வெண்புறா:
அம்மா நல்லபடியா இருக்கட்டும். சாயங்காலம் ஏன் மோசமாகுதுன்னா, நரம்பு விடாம வேலை செய்யும்போது ஒவ்வொரு சிக்னலுக்கும் வெளியாகிற அசிட்டைல்கோலைன் கொஞ்சம் கொஞ்சமா குறையும். மத்தவங்களுக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா எப்பவும் தேவைக்கு மேலதான் கொட்டுது, ரிசப்டர் கம்மியா இருக்கிறவங்களுக்கு அந்த சின்ன குறைவே தாங்காது.