பரவலா, விரவலா?

கடலூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே நகர்வதை 'விரவல்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியிலேயே, மெல்லிய சவ்வின் வழியே நீர் நகரும் 'சவ்வூடு பரவல்' வருகிறது. இரண்டும் உறவுள்ள நிகழ்வுகள் என்பதே பெயரில் தெரியவில்லை. எதை மாற்றட்டும்?

புதுச்சேரியிலிருந்து:
அம்மா, விரவலை விட்டுவிடாதீர்கள். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்கிறார். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. ஒரே சொல்லில் இரு திணையும் கலந்து நிற்கின்றன. பரவுவதில் அந்தக் கலப்பு எங்கே? நோய் பரவும், வதந்தி பரவும். பரவுதலுக்குப் போற்றுதல் என்றும் பொருள் உண்டு. பரந்து கிடப்பதால் கடல் 'பரவை' ஆயிற்று. பரதவர் என்ற பெயரும் அந்த வேரில் பிறந்ததே என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நெய்வேலியிலிருந்து:
பரவை இருக்கட்டும் ஐயா. எனக்கு 'அழுத்தம்'தான் உறுத்துகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம், அலகு பாஸ்கல். மின்னழுத்தமோ ஒரு கூலும் மின்னூட்டத்தை நகர்த்தச் செய்யும் வேலை, அலகு வோல்ட். பெயர் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் அங்கேயும் பரப்பைத் தேடுகிறார்கள். இங்கே சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இறைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் வெட்ட முடியும். வோல்ட்டில் இப்படித் தள்ளும் நீர் எங்கே?

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் பாஸ்கலில் அளப்பது அமுக்கம், வோல்ட்டில் அளப்பது அழுத்தம். குழப்பமே இல்லை. உங்கள் சவ்வூடு பரவல் எங்களுக்குப் பிரசாரணம்.

புதுச்சேரியிலிருந்து:
அமுக்கம் நல்ல தமிழ், ஏற்கலாம். பிரசாரணம் வடசொல், பிள்ளைகள் காதில் பிரசாரம் என்றுதான் விழும்.

கடலூரிலிருந்து:
அமுக்கம் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் 2011 டிசம்பரில் 'தானே' புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாளிலிருந்து 'காற்றழுத்தத் தாழ்வு' என்றாலே இந்தக் கரையில் சின்னப் பிள்ளைகூட வானத்தைப் பார்க்கிறது. அந்தச் சொல்லை வகுப்பில் மட்டும் எப்படி மாற்றுவது? அழுத்தம் அப்படியே இருக்கட்டும். பரவல், சவ்வூடு பரவல் என்று ஒரே குடும்பமாக வைத்துவிடுகிறேன். பெரும்பாலோர் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து:
உங்கள் தாள், உங்கள் முடிவு. ஆனால் அடியில் சர்க்கரைக் கரைசல், மேலே தண்ணீர் என்று அசைக்காமல் வைத்துப் பாருங்கள். சர்க்கரை மட்டும் மேலே ஏறுவதில்லை, தண்ணீரும் கீழே இறங்குகிறது. பரவல் என்றால் மாணவர் ஒரு பக்கத்தை மட்டுமே காண்பார். நான் விரவல் என்றே எழுதுவேன்.