நெடுந்தீவுக்கு உதவி அனுப்ப ஆரைப் பிடிக்கிறது?

கேள்வி: நெடுந்தீவுச் சனத்துக்குக் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு மூலமா உதவ விருப்பம், வேதக்காரர் இல்லாத ஆக்களுக்கும் செய்வினமோ? சாமானா அனுப்பவோ காசாவோ?

பதில் 1: கியூடெக் எண்டு கேளுங்கோ, யாழ் மறைமாவட்டத்தின்ர கரித்தாஸ் எண்ட கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு அதுதான். இலங்கைக் கரித்தாஸ் 1968ல தொடங்கினது, மதம் பாத்து உதவுறது அவையின்ர கொள்கை இல்லை.

பதில் 2: சாமான் வேண்டாம் அண்ணை. குறிகட்டுவான் இறங்குதுறையில படகில ஏத்தி அங்க இறக்கி, கடல் கொந்தளிச்சா படகும் ஓடாது, அரிசி மூட்டை நனைஞ்சு கிடந்ததை நானே பாத்தனான். முதல்ல தண்ணியை யோசியுங்கோ, கோடையில கிணறெல்லாம் உவர், அம்மம்மா ஒரு குடம் நல்ல தண்ணிக்கு விடியவே போய் நிப்பா. மழைத்தண்ணித் தொட்டி ஒண்டு கட்டிக் குடுத்தா அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி.

கேட்டவர்: நன்றி தங்கச்சி, தொட்டிக்கே குடுக்கிறன், நாளைக்கே கதைக்கிறன்.