ஃபில்டர் போட்டா பாதிய காணோம், உங்களுக்கும் இப்டி ஆயிருக்கா?

ராக்கோழி: போன வாரம் நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு அர்ரே (பட்டியல் மாதிரி), உள்ள நூத்துக்கணக்குல ஆப்ஜெக்ட், எல்லாம் புத்தக விவரம். வகை "தொடர்கதை"ன்னு இருக்கறத மட்டும் எடுக்கணும், அவ்ளோதான். ஒரு ஆரோ ஃபங்ஷன் (சுருக்கமா எழுதற ஃபங்ஷன்), மூணு ஈக்வல் போட்டு கம்பேர் பண்ணி, பொருந்தறத மட்டும் எடுத்துத் தர்ற ஃபில்டருக்குள்ள குடுத்தேன். வந்துச்சு, ஆனா பாதிதான் வந்துச்சு. வராத ஒண்ண திறந்து பாத்தா அதுலயும் தொடர்கதைன்னுதான் இருக்கு! சரி, பின்னாடி ஸ்பேஸ் ஒட்டிட்டிருக்கும்னு ட்ரிம் போட்டேன், அப்பவும் அதே கதி. ஒரு மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டு கடைசில ரெண்டோட லெங்த்தயும் பிரிண்ட் பண்ணேன். ஒண்ணு 8, இன்னொண்ணு 9. அப்பதான் பொறி தட்டுச்சு. "தொ"வுல இருக்கற கொம்பும் காலும் ஒரு இடத்துல சேர்ந்து ஒரே யூனிகோட் குறியா (கம்ப்யூட்டர் எழுத்துக்கு வெச்சிருக்கற எண்) இருக்கு, இன்னொரு இடத்துல கொம்பு தனி, கால் தனி. திரைல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. தேடற சொல்லு, டேட்டால இருக்கற சொல்லு ரெண்டுக்குமே நார்மலைஸ் போட்டதும் (சும்மா கூப்பிட்டாலே என்எஃப்சிக்கு, அதாவது சேர்ந்த வடிவத்துக்கு, மாத்திடும்) எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. ஃபில்டர் மேல பழி போட்டு அதைத் திட்டினதுக்கு மானசீகமா மன்னிப்பு கேட்டுக்கிட்டேன்.

கிறுக்கன்: எனக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு காணாமப் போச்சு ப்ரோ. ரெஜெக்ஸ (டெக்ஸ்ட்ல தேட வேண்டிய வடிவம்) வெளிய ஒரு கான்ஸ்டா வெச்சு, ஃபில்டருக்குள்ள அதோட டெஸ்ட் (பொருந்துதான்னு பாக்கறது) கூப்பிட்டேன், கூடவே பழக்கதோஷத்துல ஜி ஃப்ளாக் (பொருந்தற எல்லாத்தையும் தேடச் சொல்ற குறி). அந்த ஜி இருந்தா ரெஜெக்ஸ் போன தடவ எங்க நிறுத்துச்சோ அத லாஸ்ட் இண்டெக்ஸ்ல ஞாபகம் வெச்சுக்கும், அடுத்த ஆப்ஜெக்ட்டோட டெக்ஸ்ட்டையும் அங்கேர்ந்துதான் தேடும், கிடைக்கலன்னா சைபருக்குத் திரும்பும். அதனால மூணாவது மறுபடி கிடைக்கும். பிரெடிகேட் (ஃபில்டருக்குக் குடுக்கற ஃபங்ஷன்) ப்யூரா, எதையும் ஞாபகம் வெச்சுக்காம இருக்கணும்னு எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தவன் நான், இதுல ஸ்டேட் ஒளிஞ்சிருக்கறது தெரியாம!

மழைக்காகிதம்: இன்க்ளூட்ஸ் (உள்ள எங்கயாவது இருக்கான்னு பாக்கறது) போட்டு "ஆக்டிவ்" தேடினேன். "இன்ஆக்டிவ்"குள்ளயும் ஆக்டிவ் இருக்குல்ல... கணக்க மூடிட்டுப் போனவங்களுக்கெல்லாம் "எங்களோட தொடர்ந்து இருப்பதற்கு நன்றி"ன்னு மெயில் போயிடுச்சு. மேல சொல்ல விரும்பல. இன்னொண்ணு, தேடற பெட்டி காலியா இருந்தா இன்க்ளூட்ஸ் எல்லாத்துக்கும் ட்ரூ சொல்லும், அதையும் கவனிங்க.

பழையசோறு: ஜாவால ஸ்ட்ரீம் எழுதி, ஃபில்டர்ல ஈக்வல்ஸ் போடாம ரெண்டு ஈக்வல் குறி போட்டுட்டேன். அது உள்ள இருக்கற எழுத்த பாக்காது, ரெண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டான்னுதான் பாக்கும். டெஸ்ட்ல எல்லாம் பச்சை, ஏன்னா கோட்லயே எழுதின ஒரே ஸ்ட்ரிங்க ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டா பகிர்ந்துக்கும். டேட்டாபேஸ்லேர்ந்து வந்ததும் லிஸ்ட் சுத்தமா காலி.

சுண்டெலி: பைத்தான் 3ல ஃபில்டர் லிஸ்ட் தராது, ஒரு தடவ ஓடித் தீந்து போற இட்டரேட்டர்தான் தரும். லாக்ல எத்தனைன்னு எண்ணிக் காட்டலாம்னு அத லிஸ்ட்டாக்கி லெங்த் பாத்தேன், லாக்ல 42, கீழ இருந்த லூப்ல ஒண்ணுமே இல்ல. எண்ணினதுலயே தீந்து போச்சு!

ராக்கோழி: @கிறுக்கன் அந்த ஜி ஃப்ளாக் கதைய படிச்சுட்டு எங்க கோட்ல தேடினேன், மூணு எடத்துல இருக்கு, அதுல ரெண்டு நான் போட்டது. வரேன் இருங்க.