பார்க்கிங் மீட்டருக்குத் தமிழ்ச்சொல்: நிறுத்தல்மானியா, தரிப்புமானியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தெருவோரத்தில் வண்டியை நிறுத்தக் கட்டணம் வாங்கும் கருவியான பார்க்கிங் மீட்டரை ‘நிறுத்தல்மானி’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ஓசை நன்றாக இருந்தாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கலைச்சொல்லைத் தனியே எடுத்துச் சொல்லிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். அது உழைக்க வேண்டிய வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வலு தெரியும். இந்தச் சொல் மிகுதியாக உழைக்கப்போவது, ஒரு மாநகராட்சி புதிய கருவிகளுக்கு வழங்குநரைத் தேர்ந்தெடுப்பதற்காக வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில்தான். அங்கே ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால், போட்டியிடும் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வெவ்வேறு கருவிகளுக்கு விலை குறித்துவிடும். அதன்பின் அந்த விலைகளை ஒப்பிடவே முடியாது.

‘நிறுத்தல்மானிகளின் துல்லியம் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட வேண்டும்’ என்று ஒரு விதியை எழுதிப் பாருங்கள். எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளைப் பள்ளியில் படித்த எவருக்கும் இந்த வாக்கியத்தில் தராசுதான் கண்முன் வரும். ‘நிறுத்தக் கருவி’ என்றால் வண்டியை நிற்கச் செய்யும் பிரேக்கைப் போல ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்திலும் நியாயம் இருக்கிறது, பேச்சில் அது நிலைக்கத்தான் போகிறது. ஆனால் கருவிகளை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும் என்று சொல்லும் விதியில் ‘ஒவ்வொரு 60 மீட்டருக்கும் ஒரு மீட்டர்’ என்று எழுத நேரும். நீள அலகுக்கும் அளவிடும் கருவிக்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் அமைந்துவிட்டதால் வரும் இடர் இது.

ஆகவே ‘தரிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஓரிடத்தில் தங்கி நிற்பதைத் ‘தரித்தல்’ என்பது பழைய வழக்கு. ‘ஓரிடத்தில் தரிக்கமாட்டான்’ என்று இன்றும் சொல்கிறோம். இலங்கைத் தமிழில் ‘வாகனத் தரிப்பிடம்’ என்பது அன்றாடச் சொல்லாகவே இருப்பதால், நாம் புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டியதும் இல்லை. கருத்தரிப்பு நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் தயங்கினார். அந்தப் பொருள் ‘கரு’ என்ற முன்சொல்லோடு சேர்ந்தே வருவது. ‘தரிப்புக் கட்டணம்’ என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை.

‘மானி’ என்ற பின்பகுதியில்தான் எனக்கு உண்மையான கேள்வி எழுகிறது. வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, மழைமானி மழையை அளக்கிறது. இந்தக் கருவி எதை அளக்கிறது? 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் நடப்பட்ட முதல் கருவி நேரத்தை அளந்தது. நகர மையத்தில் வேலைசெய்வோரின் வண்டிகள் நாள் முழுவதும் தெருவோரத்தை அடைத்துக்கொண்டதால் கடைகளுக்கு வருவோருக்கு இடமில்லாமல் போன நிலையில், செய்தித்தாள் ஆசிரியர் கார்ல் மகீ முன்னெடுத்து உருவான கருவி அது. ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டால் உள்ளிருக்கும் கடிகாரப் பொறி ஓடும். ஒரு கம்பம், ஓர் இடம், ஒரு கடிகாரம். அதற்குத் ‘தரிப்புமானி’ என்ற பெயர் முழுக்கப் பொருந்தும்.

இன்று நகரங்கள் வாங்குவதில் பெரும்பகுதி அப்படிப்பட்டது அன்று. ஒரே பெட்டி பல இடங்களுக்குப் பணம் வாங்குகிறது. சீட்டு அச்சிடும் வகையில், அந்தச் சீட்டை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னே வைக்கிறோம். வாகன எண்ணைப் பதியும் வகையில் சீட்டே இல்லை, ஊழியர் எண்ணைத் தம் கைக்கருவியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்தப் பெட்டி வண்டி நிற்பதை அறிவதுமில்லை, அளப்பதுமில்லை; பணத்தை வாங்கி ஒரு பதிவை மையக் கணினிக்கு அனுப்புகிறது. இதையும் ‘மானி’ என்று எழுதினால், விலை குறிப்போரில் ஒருவர் இடத்துக்கு ஒரு கம்பம் என்று கணக்கிடுவார், மற்றவர் தெருவுக்கு இரண்டு பெட்டி என்று கணக்கிடுவார். எனவே ஓரிடக் கருவிக்குத் ‘தரிப்புமானி’, பல இடங்களுக்குரியதற்குத் ‘தரிப்புக் கட்டண முனையம்’, இரண்டையும் சேர்த்துச் சொல்லத் ‘தரிப்புக் கட்டணக் கருவி’ என்று வகுக்கலாம் என்பது என் முன்மொழிவு.

கருவியின் பெயர் கட்டண உரிமையின் பெயராக வழிந்தோடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008இல் சிகாகோ தன் ‘மீட்டர்களை’ 75 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது என்றே செய்திகள் சொல்லின. அங்கே கைமாறியதில் பெருமதிப்புள்ளது ஏறத்தாழ 36,000 இடங்களில் கட்டணம் பெறும் உரிமையே. அதனால்தான் மாநகராட்சி தன் சொந்தத் தெருவில் சில இடங்களை மூடினாலும் அந்த நிறுவனத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. கருவி, இடம், உரிமை மூன்றும் ஆவணத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கருவியையும் மென்பொருளையும் பராமரிப்பையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கிய நகரம், பிறகு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாமல் மாட்டிக்கொள்ளும் நிலைக்குப் பெயர் வேண்டும். 2020 ஜனவரி முதல் நாளில் நியூயார்க்கின் தெருவோரக் கருவிகள் கடன் அட்டைகளை ஏற்க மறுத்தன. மென்பொருளில் முன்பே எழுதப்பட்டிருந்த முடிவுத் தேதியை யாரும் நீட்டிக்காததே காரணம். நாணயமும் கைப்பேசிச் செயலியும் இயங்கின என்றாலும், ஏறத்தாழ 14,000 கருவிகளைப் பணியாளர்கள் தெருத்தெருவாக நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. தன் தெருவில் நிற்கும் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது வழங்குநருக்கு மட்டுமே தெரிந்தால், நகரம் அவரை விட்டு விலகுவது எவ்வளவு கடினம் என்பதை இதைக்கொண்டு உணரலாம்.

அந்த நிலையை ‘வழங்குநர் சார்பு’ என்றால், வழங்குநருக்காகப் பேசுவது என்று பொருள்படும். ‘வழங்குநர் பிணைப்பு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே ஆவணத்தில் பிணைத்தொகை என்று ஒன்று வரும். சட்டம் படித்தவர் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடுவார். நான் ‘வழங்குநர் தளை’ என்பதைத் தேர்கிறேன். யாப்பில் சீர்களைக் கட்டுவதும் தளைதான், காலில் பூட்டுவதும் தளைதான். ‘பதிவுகளின் வடிவமைப்பை மாநகராட்சிக்கு ஒப்படைத்து வழங்குநர் தளையைத் தவிர்க்க வேண்டும்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறமாட்டார்.

‘முனையம்’ என்ற சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. பேருந்து முனையம், விமான முனையம் என்று பெரிய கட்டடங்களுக்கு அது பழகிவிட்டதால், தெருவோரத்தில் ஆள் உயரத்தில் நிற்கும் ஒரு பெட்டிக்கு அது பெரிதாகப் படுகிறது. ‘கட்டணத் தூண்’ என்றும் எழுதிப் பார்த்தேன். சுவரில் பதித்த கருவியை அது உள்ளடக்கவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால், அதை ஒரு முழு விதி வாக்கியத்தில் வைத்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.